நிரந்தர கொலாஸ்டமியோடு ஓர் இட்லிக்கடை: குடும்ப ஆதரவு உதவிய இடமும் தடுத்த இடமும் (நிகழ்வு ஆய்வு)

இங்கே வரும் பெண் தனி ஒருவர் அல்ல. மலக்குடல் புற்றுநோய்க்குப் பிறகு வயிற்றில் நிரந்தரப் பையோடு வாழும் பெண்களிடம் அடிக்கடி காணப்படும் சிக்கல்களைச் சேர்த்து, செவிலியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு இது. அளவுகோல் மதிப்பெண்களும் அப்படி அமைத்தவையே. மருந்தளவுகள், கருவிகள், பராமரிப்பு முறைகள் நடைமுறையில் உள்ளவை.

நோயும் அறுவையும்

வயது 51. தென் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் வீட்டுத் திண்ணையில் காலை இட்லிக்கடை நடத்துபவர். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகளைப் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்; மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மலத்தோடு ரத்தம் போனதை ஏழெட்டு மாதம் மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டார். போய்வந்த பிறகும் இன்னும் மீதி இருப்பது போன்ற உணர்வும் எடைக் குறைவும் சேர்ந்த பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். கையுறை போட்ட விரல் பரிசோதனையிலேயே கட்டி தட்டுப்பட்டது. முதல் மாதமே யாராவது அதைச் செய்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

கொலோனோஸ்கோப்பியில் கட்டி ஆசனவாய் விளிம்பிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் இருந்தது. திசுப் பரிசோதனை அடினோகார்சினோமா (சுரப்பித் திசுவில் தொடங்கும் புற்றுநோய்) என்றது. எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி குடல் சுவரைத் தாண்டி, மலத்தை அடக்கும் சுருக்குத் தசையையும் பிடித்திருந்தது. அருகில் நிணநீர்க்கணு வீக்கம். முதலில் 28 அமர்வுகளில் 50.4 கிரே கதிர்வீச்சு கொடுத்தார்கள் (ஊர் வழக்கில் 'கரண்டு வைத்தார்கள்'). கதிர்வீச்சு நாட்களில் கேப்பசிட்டபின் என்ற கீமோ மாத்திரை, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 825 மி.கி. வீதம் நாளுக்கு இரு வேளை. பத்து வாரம் கழித்து, மலக்குடலையும் ஆசனவாயையும் முழுமையாக எடுத்துவிடும் அறுவை. 1908-இல் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த முறையின் இன்றைய வடிவம் இது. ஆசனவாய் இருந்த இடத்தைத் தைத்து மூடி, இடது அடிவயிற்றில் குடல் முனையை வெளியே கொண்டுவந்து கொலாஸ்டமி வைத்தார்கள். சுருக்குத் தசை போய்விட்டால் திரும்ப இணைக்க வழியில்லை; பை வாழ்நாள் முழுக்க.

பின்னால் வந்த துன்பங்களில் பாதிக்கு ஒரே வேர்: அறுவைக்கு முன் ஸ்டோமா (வயிற்றில் குடல் முனை வெளிவரும் வாய்) அமையும் இடத்தைக் குறிக்கவில்லை. குறிக்க வேண்டியது மேசையில் படுத்திருக்கும் வயிற்றில் அல்ல. நோயாளியைப் படுக்க, உட்கார, நிற்க, குனியச் சொல்லி, மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்து, சுற்றிலும் ஏறக்குறைய 5 செ.மீ. தட்டையான தோல் கிடைக்கும் இடத்தை, வயிற்றின் முன்பக்க நேர்த்தசைக்குள், அவர் கண்ணுக்குத் தெரியும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். தொப்புள், பழைய தழும்பு, இடுப்பெலும்பு இவற்றை விட்டு விலக வேண்டும். நம் ஊரில் இன்னும் ஒன்று: பாவாடை நாடா எங்கே கட்டுகிறார், தரையில் சம்மணமிட்டால் வயிறு எப்படி மடிகிறது என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். இவருக்கு ஸ்டோமா சரியாக நாடா கட்டும் கோட்டில் வந்துவிட்டது. உட்கார்ந்தால் அதன் கீழ்ப்பக்கம் ஒரு மடிப்பு விழுந்தது.

மூன்றாம் வாரத்தில் நிலை

ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். மூன்றாம் வார மறுபரிசோதனைக்கு வந்தபோது காயம் ஓரளவு ஆறியிருந்தது. கோப்பில் 'நோயாளி நலம், குடும்ப ஆதரவு மிக நன்று' என்று எழுதியிருந்தது. ஸ்டோமா செவிலியர் கேட்ட ஒரு கேள்வியில் அந்த வரி ஆட்டம் கண்டது: "பையை யார் மாத்துறாங்க அக்கா?" பதிலை மகள் சொன்னாள். "நான்தான். அம்மா இன்னும் அதைப் பாக்கவே இல்ல."

பார்க்கவே இல்லை என்பது முழு உண்மை. குளிக்கும்போதும் மேல்துணியை விலக்குவதில்லை. மகள் காலையும் இரவும் வந்து பையைக் காலி செய்தாள். மாற்றும் நேரத்தில் இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "சும்மா கெடம்மா, நான் பாத்துக்கிறேன்" என்பதே வீட்டில் தினமும் கேட்ட வாக்கியம். பை வாரத்தில் நாலைந்து முறை கசிந்தது. நடுராத்திரியில் கசிந்தால் மகளைக் கூப்பிடக் கூச்சப்பட்டு விடியும்வரை நனைந்த துணியோடு படுத்திருந்தார். கணவர் திண்ணைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். நாத்தனார் தனித் தம்ளர் எடுத்துவைத்தார். பூஜை அறைக்குள் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை; இவராகவே போவதை நிறுத்தினார். கடையைப் பற்றிப் பேச்செடுத்தால், "வயித்துல மோஷன் பை வச்சவ கையால யாரு இட்லி வாங்கித் திம்பா?" என்றார்.

மனச்சோர்வைக் கணிக்கும் பி.எச்.க்யூ.-9 அளவுகோலில் (0 முதல் 27 வரை) 17 வந்தது. 10-ஐ எட்டினாலே விரிவாக விசாரிக்க வேண்டும். 15 முதல் 19 வரை ஓரளவு கடுமையான சோர்வு. ஒன்பதாவது கேள்வி 'செத்துப்போனால் தேவலை' என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'சில நாட்கள்' என்று பதில் வந்ததால் அன்றே மனநல மருத்துவர் பார்த்தார். திட்டமோ முயற்சியோ இல்லை, வாழப் பிடிக்காத எண்ணம் மட்டும். தூக்கமும் பசியும் இரண்டும் கெட்டிருந்ததால் இரவில் மனச்சோர்வு மாத்திரையான மிர்டசபின் 7.5 மி.கி. தொடங்கி, ஒரு வாரத்தில் 15 மி.கி. ஆக்கினார்கள். அதற்குப் பதில் எஸ்சிட்டலோப்ராம் வகை மனச்சோர்வு மாத்திரை தரும் எண்ணம் இருந்தால், கீமோவோடு வாந்திக்குத் தரும் ஆன்டன்செட்ரானும் அதுவும் சேர்ந்து இதயத் துடிப்பின் மின்னோட்ட இடைவெளியை நீட்டக்கூடும் என்பதை நினைவில் வைத்து ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

மீள்திறனுக்கு (நெருக்கடியிலிருந்து மீண்டெழும் திறன்) கானர்–டேவிட்சன் அளவுகோல் (2003, 25 கேள்விகள், மொத்தம் 100): 41. சமூக ஆதரவுக்கு ஸிமெட் குழுவின் அளவுகோல் (1988). இதில் 12 கேள்விகள். குடும்பம், நண்பர், நெருக்கமான ஒருவர் என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றும் 4 முதல் 28 வரை. இவருக்குக் குடும்பம் 27, நண்பர் 6, நெருக்கமானவர் 19.

அந்த 27-ஐப் பார்த்தவுடன் நிம்மதியடைவது இயல்பு. ஆதரவு கூடினால் மீள்திறன் கூடும், மீள்திறன் கூடினால் சோர்வு குறையும் என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் தொடர்பு காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பல ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்புகள். எது எதை உண்டாக்குகிறது என்பதை அவை சொல்லாது. இந்தப் பெண்ணுக்கு உச்ச அளவு குடும்ப ஆதரவும் அடிமட்ட மீள்திறனும் ஒன்றாக இருந்தன. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பதுதான் இந்த ஆய்வின் வாதம்.

முதலில் கசிவை நிறுத்துவது

ஆலோசனையைத் தள்ளிவைத்து முதலில் பையைச் சரிசெய்தார்கள். எந்த நேரம் ஒழுகுமோ என்று பயந்து உட்கார்ந்திருப்பவரிடம் நேர்மறை எண்ணம் பற்றிப் பேசுவது வீண் வேலை. ஸ்டோமா உள்ளவர்கள் வீட்டுக்குள் முடங்குவதற்குக் கசிவும் நாற்றமும் முக்கியக் காரணங்கள். இரண்டுக்கும் தீர்வு பெரும்பாலும் கையில் இருக்கிறது.

காரணங்கள் மூன்று கிடைத்தன. அறுவை முடிந்த வாரத்தில் வீங்கியிருந்த ஸ்டோமாவின் விட்டம் 45 மி.மீ. அதே அளவில் மகள் பிளேட்டில் (ஸ்டோமாவைச் சுற்றித் தோலில் ஒட்டி, பையைத் தாங்கும் தகடு) துளை வெட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் வாரத்தில் ஸ்டோமா 35 மி.மீட்டராகச் சுருங்கியிருந்தது. ஆறு முதல் எட்டு வாரம் வரை அது சுருங்கும். அதுவரை வாரம் ஒருமுறை அளவட்டை வைத்துப் பார்த்து, ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். துளை பெரிதாக இருந்தால் மலம் தோலில் பட்டு வெந்துபோகும், வெந்த ஈரத்தோலில் பசை பிடிக்காது, பிடிக்காததால் மறுபடி கசியும். இந்தச் சுழற்சிதான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, தேங்காய் எண்ணெய். தோல் எரிகிறது என்று மகள் பாசத்தோடு தடவிய எண்ணெயின்மேல் பிளேட் வழுக்கியது. டெட்டாலும் வேண்டாம், வாசனை சோப்பும் வேண்டாம், ஈரத் துடைப்புத்தாளும் வேண்டாம். வெறும் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும். துடைக்கும்போது ஸ்டோமாவிலிருந்து ஒன்றிரண்டு துளி ரத்தம் வருவது இயல்பு. ஸ்டோமாவில் வலி நரம்பு இல்லை. அது சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கறுத்தாலோ வெளிறினாலோ உடனே மருத்துவமனை.

மூன்றாவது, அந்த மடிப்பு. உட்காரும்போது விழும் பள்ளத்தில் ஸ்டோமா பேஸ்ட்டைக் கோடாகப் போட்டு, ஒரு நிமிடம் காயவிட்டு, அதன்மேல் தோலை நோக்கிப் புடைத்த கான்வெக்ஸ் பிளேட்டையும் இடுப்பு பெல்ட்டையும் பொருத்தினார்கள். பேஸ்ட் என்பது பள்ளம் நிரப்புவதற்கே; பசை என்று நினைத்துப் பிளேட் முழுக்கப் பூசினால் பிடிமானம் குறையும். வெந்த தோலில் ஸ்டோமா பவுடரை மெலிதாகத் தூவி, உபரியைத் தட்டிவிட்டு ஒட்டினார்கள். சிவப்பைச் சுற்றிப் புள்ளிபுள்ளியாகத் தடிப்பு இருந்தால் பூஞ்சை. அதற்குக் கிரீம் போட்டால் பிளேட் நிற்காது, க்ளோட்ரிமசோல் பவுடர்தான் சரி. ஒட்டியபின் உள்ளங்கையை ஒன்றிரண்டு நிமிடம் அதன்மேல் வைத்திருந்தால் உடல் சூட்டில் பசை பிடிக்கும்.

பாவாடை நாடாவை எலாஸ்டிக்காக மாற்றி, ஸ்டோமாவுக்கு மேலே கட்டப் பழக்கினார்கள். இறுக்கமான நாடா பைக்குள் மலம் இறங்கவிடாமல் பிளேட்டுக்கு அடியில் தள்ளும். பத்து நாளில் கசிவு வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று.

பையைக் கைமாற்றுவது

மகளை விலக்குவதல்ல நோக்கம். அவள் செய்யும் வேலையில் எது தாயின் கைக்குத் திரும்ப வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான். ஏழு படிகள் வகுத்தார்கள். கண்ணாடியில் ஸ்டோமாவைப் பார்ப்பது. ஈரத் துணியால் தொடுவது. பையின் வாயைத் திறந்து காலி செய்வது. பழைய பிளேட்டை மேலிருந்து கீழாக, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து உரிப்பது. சுத்தம் செய்து உலர்த்துவது. அளந்து வெட்டுவது. ஒட்டுவது. ஒரு படி கை வந்தபிறகே அடுத்தது. முதல் அமர்வில் செவிலியர் சொன்னது இவ்வளவுதான்: "இன்னைக்குப் பாக்க மட்டும் பாருங்க அக்கா. தொட வேண்டாம்." பார்த்தார், அழுதார், அன்றைக்கு அதோடு முடிந்தது. அழுகையை நிறுத்த மகள் ஓடிவந்தபோது செவிலியர் கையமர்த்தினார்.

மூன்றாம் படியில் ஒரு வாரம் சிக்கிக்கொண்டது. காரணம் மனம் அல்ல, கழிப்பறை. இந்தியக் கழிப்பறையில் குந்தினால் வயிறு மடிந்து பை நசுங்குகிறது. ஆசனவாய் எடுத்த காயத்தில் இழுவலியும் வருகிறது. ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் பீங்கானுக்குப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்து, பையின் வாயை முதலில் மேல்நோக்கிப் பிடித்து மடிப்பைத் திறந்து, பிறகு கீழே சாய்த்துக் காலி செய்து, நுனியை உள்ளும் புறமும் துடைத்து மூடினால் வேலை முடிகிறது. பீங்கானில் முன்னதாக ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவைத்தால் தெறிக்காது. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்ய வேண்டும். பாதியைத் தாண்டினால் எடை பிளேட்டை இழுக்கும். கழற்றிய பிளேட்டைச் செய்தித்தாளில் சுற்றி, கவரில் கட்டி, குப்பையில் போட வேண்டும். கழிப்பறைக்குள் போட்டு அடைத்துக்கொண்ட வீடுகள் ஏராளம்.

மாற்றும் நேரத்தை விடிகாலை, காபிக்கு முன் என்று வைத்தார்கள். சாப்பிடாத நேரத்தில் குடல் அடங்கியிருக்கும். நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் மாதத்துக்கு எட்டு பிளேட். ஆறாம் வாரத்தில் தானே முழுதாக மாற்றினார். மகள் கண்ணாடியை மட்டும் பிடித்திருந்தாள்.

மகளுக்கு இது எளிதாக இல்லை. தன்னை வேண்டாம் என்கிறார்கள் என்று அவள் கோபித்துக்கொண்டது நியாயம்தான். அவளைத் தனியே உட்காரவைத்துப் பேசியபோது, மூன்று வாரமாக அவள் சொந்த வீட்டில் ஒருவேளைகூட நிம்மதியாகச் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. அவளுக்கு வேறு பொறுப்பு கொடுத்தார்கள்: இருப்புக் கணக்கு. எட்டு பிளேட்டில் மூன்று மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைப்பது. பைகள் எல்லா ஊர் மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை என்பதால் இது சின்ன வேலை அல்ல.

உளவியலாளர் நியால் போல்ஜர் குழு 2000-இல் காட்டிய ஒன்று இங்கே பொருந்துகிறது: உதவி பெறுவது பெறுபவருக்கே உறைத்தால் அது சில நேரம் துயரைக் கூட்டும், உறைக்காமல் செய்த உதவி அதிகம் பயன்படும். அலமாரியில் பிளேட் தீராமல் இருப்பது இரண்டாம் வகை.

கணவர், நாத்தனார், இன்னொரு பெண்

கணவர் திண்ணைக்குப் போனதை இவர் அருவருப்பு என்றே படித்திருந்தார். கணவரைத் தனியாகக் கேட்டபோது, தூக்கத்தில் கை பட்டுக் குடல் பிய்ந்துவிடுமோ என்று பயந்ததாகச் சொன்னார். யாரும் அவருக்கு ஸ்டோமாவைக் காட்டவே இல்லை. காட்டியபின் அன்றிரவே உள்ளே வந்தார் என்று எழுத ஆசைதான். அவருக்கு மூன்று வாரம் ஆனது. தாம்பத்தியம் பற்றிச் செவிலியர்தான் பேச்செடுத்தார், ஏனென்றால் நோயாளி ஒருநாளும் எடுக்கமாட்டார். கதிர்வீச்சால் பெண்ணுறுப்பு வறண்டு குறுகும். தண்ணீர் சேர்ந்த மசகும், படிப்படியாகப் பெரிதாகும் விரிப்பான் குழாயும் உதவும். முன்னதாகப் பையைக் காலி செய்து, துணி உறை போட்டு, ஒருக்களித்துப் படுப்பது நடைமுறை வழி. வலித்தால் தொடரக்கூடாது என்பதைக் கணவரிடமும் சொல்ல வேண்டும்.

நாத்தனாரிடம் புற்றுநோய் தொற்றாது என்பதை மருத்துவர் வாயாலேயே சொல்லவைத்தார்கள். தம்ளர் பொதுவாயிற்று. மனமும் மாறியதா என்பது வேறு விஷயம்.

நண்பர் பிரிவில் இருந்த 6-க்கு மருந்து வேறு. ஏழு ஆண்டுகளாகக் கொலாஸ்டமியோடு வாழும், அதே வயதுக்காரப் பெண் ஒருவரை மருத்துவமனை அனுப்பியது. இப்படி அனுப்பும் ஆளுக்கு விதி உண்டு: அறுவை முடிந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும், அதே வகை ஸ்டோமா, முடிந்தால் அதே பாலினம், மருந்து, உணவுப் பத்தியம் பற்றி அறிவுரை சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பெண் வந்து அரைமணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, "எனக்கும் இருக்கு. இப்பவும் மாட்டியிருக்கேன். நாத்தம் வந்துச்சா உனக்கு?" என்று கேட்டார். வரவில்லை. அதன்பிறகு இவர் கேட்ட கேள்விகள் எதுவும் அதுவரை எந்தக் கோப்பிலும் இல்லாதவை. கல்யாண வீட்டில் பந்தியில் இருக்கும்போது சத்தம் வந்தால்? (முழங்கையால் மெல்ல அழுத்திக்கொண்டால் அமுங்கும்.) பஸ்ஸில் நின்றால் இடிக்காதா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாமா? அவர் வாராவாரம் போகிறார்.

இதற்கு முன், மூன்றாம் வாரத்திலேயே, ஒரு குழுக் கூட்டத்துக்கு இவரை அழைத்துப்போனது பலிக்கவில்லை. அங்கே ஒருவர் நோய் திரும்பியதைச் சொல்லிக் கலங்கினார். இவர் இரண்டு இரவு தூங்கவில்லை. தன் ஸ்டோமாவையே பார்க்காதவரைக் கூட்டத்தில் உட்காரவைப்பது அவசரம். முதலில் ஒருவரோடு ஒருவர், பிறகு கூட்டம்.

கீமோ குறுக்கிட்டபோது

ஏழாம் வாரம் கேப்பாக்ஸ் கீமோ தொடங்கியது: மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சலிப்ளாட்டின் சதுர மீட்டருக்கு 130 மி.கி., கூடவே 14 நாள் கேப்பசிட்டபின் சதுர மீட்டருக்கு 1000 மி.கி. வீதம் நாளுக்கு இரு வேளை. ஆக்சலிப்ளாட்டின் குளிர்ச்சியைத் தாங்கவிடாது. ஃப்ரிட்ஜில் இருந்த மாவுப் பாத்திரத்தைத் தொட்டவுடன் விரல்களில் ஊசி குத்தியது. கேப்பசிட்டபின் விரல் நுனித் தோலை உரித்தது. மூன்றாம் சுற்றுக்குப் பிறகு கத்தரியைப் பிடித்து வட்டமாக வெட்ட முடியவில்லை. துளை சீரற்றுப் போய்க் கசிவு திரும்பியது, பி.எச்.க்யூ. மறுபடி ஏறியது. மனம் தளர்ந்துவிட்டார் என்று யாரோ கோப்பில் எழுதினார்கள். தளர்ந்தது விரல்.

ஆகவே வெட்டும் வேலை மட்டும் மகளுக்குத் திரும்பப் போனது. மாதத்துக்கு எட்டு பிளேட்டையும் ஒரே நாளில் வெட்டி வைத்துவிடுவாள், ஒட்டுவது தாய்தான். இந்த அளவுக்கு ஆதரவு ஏறி இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். கையால் அழுத்தி வடிவமைக்கும் வகைப் பிளேட்டும் உண்டு, விலை கூடுதல். கீமோ நாட்களில் பேதியானால் பை இரண்டு மணி நேரத்தில் நிரம்பும். பேதியை அடக்கும் லோப்பெரமைடு மாத்திரையும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் வீட்டில் இருக்க வேண்டும். காய்ச்சலோடு பேதி வந்தால் மாத்திரைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பணமும் கடையும்

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவையும் கீமோவும் நடந்தன. மாதாமாதம் பிளேட்டும் பையும் குடும்பத்தின் தலையில். ஒரு பிளேட் சில நூறு ரூபாய் என்றால் எட்டுக்கு ஆகும் செலவு இட்லிக்கடை வருமானத்தில் உறைக்கும். சிக்கனத்துக்காக ஒரே பிளேட்டைப் பத்து நாள் ஓட்டியவர்கள் கடைசியில் தோல் புண்ணுக்குச் செலவழிப்பார்கள். பிளேட்டும் பையும் தனித்தனியாக வரும் இரண்டு துண்டு வகையில் பையை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். நனைந்தால் நாற்றத்தை அடக்கும் கரி வடிகட்டி போய்விடும் என்பதை ஒப்புக்கொண்டுதான். பிளேட்டை மறுபடி ஒட்ட முடியாது.

கீமோ முடிந்து இரண்டு மாதம் கழித்து இரிகேஷன் (ஸ்டோமா வழியே தண்ணீர் விட்டுக் குடலைக் காலி செய்வது) கற்றுக்கொடுத்தார்கள். இடப்பக்கக் கொலாஸ்டமிக்கு மட்டும் பொருந்தும் முறை இது. சிறுகுடலை வெளியே கொண்டுவரும் இலியாஸ்டமிக்கு ஆகாது, ஸ்டோமா அருகே குடலிறக்கம் இருந்தாலும் ஆகாது. குடிக்கத் தகுந்த, உடல் சூட்டில் உள்ள தண்ணீர். முதல் நாள் 250 மி.லி., பிறகு 500 முதல் 750 வரை; 1000-ஐத் தாண்டக்கூடாது. தண்ணீர்ப் பை தோள் உயரத்தில். குழாயிலிருந்து காற்றை வெளியேற்றி, கூம்பு முனையை மசகு தடவி மெதுவாக ஸ்டோமாவில் பொருத்தி, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உள்ளே விட வேண்டும். வயிற்றைப் பிடித்து இழுத்தால் குழாயை மூடி மூச்சு வாங்கி நிதானிக்க வேண்டும். நேர்க்குழாயைச் செருகக்கூடாது, குடல் கிழியும். முழுதாக வெளியேற அரைமணி முதல் முக்கால் மணி நேரம். தண்ணீர் திரும்பி வராவிட்டால் மறுபடி ஊற்றக்கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் இடைப்பட்ட நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஸ்டோமாவின்மேல் சிறு மூடி போதும். இவருக்கு ஆறு வாரத்தில் ஒழுங்கு வந்தது. பிளேட் செலவு குறைந்தது மட்டுமல்ல, மோஷன் எப்போது வரும் என்று தானே முடிவு செய்யும் நிலை திரும்பியது.

கடையைப் பத்தாம் மாதம் திறந்தார். அறுவைக்குப் பின் முதல் எட்டு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கவில்லை. கடை திறந்த பிறகும் இட்லிக் கொப்பரையை இறக்குவதும் கிரைண்டர் குழவியைத் தூக்குவதும் கணவர் வேலை. ஸ்டோமா அருகே குடலிறக்கம் வருவது மிகச் சாதாரணம், தூக்குவதுதான் அதை முன்னே இழுக்கும். தரையில் அரிவாள்மனைக்குப் பதில் மேசையும் கத்தியும். அடுப்பு வெக்கையில் வியர்த்துப் பிளேட் விளிம்பு தூக்கியதால் ஓரத்தில் ஒட்டுப்பட்டி போட்டார். கல்லாவுக்குக் கீழே ஓர் அவசரக் கைப்பை: வெட்டிய பிளேட் ஒன்று, ஸ்டோமா பை ஒன்று, பழைய துணி, செய்தித்தாள், கவர், தண்ணீர் பாட்டில், மாற்றுப் பாவாடை. வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில் குழு கருத்துச் சொல்லவில்லை. அவர் நெருங்கிய இரண்டு பேரிடம் மட்டும் சொன்னார். இருவரும் மறுநாளும் இட்லி வாங்க வந்தார்கள்.

பன்னிரண்டாம் மாத மதிப்பெண்கள்

பி.எச்.க்யூ. 17-இலிருந்து கீமோ நடுவே 11, இப்போது 6. மனநல மருத்துவர் மிர்டசபினைக் குறைத்து வருகிறார். மீள்திறன் 41-இலிருந்து 63. சமூக ஆதரவில் நண்பர் 6-இலிருந்து 17, நெருக்கமானவர் 19-இலிருந்து 23. குடும்பம் 27-இலிருந்து 24 ஆகக் குறைந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இந்தக் கடைசி எண் சறுக்கல். மகள் இப்போது நாளுக்கு இரு வேளை வருவதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறாள், பேரனைக் கூட்டிக்கொண்டு.

உளவியலாளர்கள் கோஹனும் வில்ஸும் 1985-இல் சொன்ன தாங்கணைக் கருத்து, ஆதரவு நெருக்கடியின் அடியை மட்டுப்படுத்தும் என்பது. எந்த ஆதரவும் எந்த நெருக்கடிக்கும் உதவும் என்று அதற்குப் பொருள் இல்லை. நெருக்கடி கேட்பதும் ஆதரவு தருவதும் பொருந்த வேண்டும். இவருக்கு நெருக்கடி கேட்டது தன் உடல்மேல் பிடி. வீடு தந்தது ஓய்வு. சீனாவில் பரவலாகப் பயன்படும் சமூக ஆதரவு அளவுகோலில் கிடைக்கும் ஆதரவு, உணரும் ஆதரவு என்பவற்றோடு, ஆதரவைப் பயன்படுத்திக்கொள்வது என்ற மூன்றாம் பகுதி தனியே இருக்கிறது. நம் கோப்புகளில் 'யார் துணைக்கு இருக்கிறார்' என்ற கட்டத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. 'ராத்திரி கசிந்தால் யாரை எழுப்புவீர்கள், எழுப்புவீர்களா' என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டாலே அந்த மூன்றாம் பகுதி வெளியே வந்துவிடும்.

தீராதவையும் உண்டு. இல்லாத மலக்குடலில் முட்டுவது போன்ற உணர்வு இன்னும் வருகிறது. முன்பே எச்சரித்திருந்ததால் நோய் திரும்பியதாகப் பயப்படுவதில்லை. கடினமான பலகையில் உட்கார்ந்தால் கீழ்க்காயம் வலிக்கிறது. நடுவில் துளையுள்ள வளைய மெத்தை அந்தத் தழும்பை இழுக்கும் என்பதால் தட்டையான மெத்தைதான் தருகிறார்கள். வெளியூரில் இரவு தங்கும் விசேஷங்களைத் தவிர்க்கிறார். விரல் மரப்பு பாதி மிச்சம்.

தொடர் கவனிப்பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. (நோய் திரும்புவதைக் காட்டக்கூடிய குறியீடு) ரத்தப் பரிசோதனை, ஆண்டுக்கு ஒருமுறை சி.டி., ஓராண்டு முடிவில் ஸ்டோமா வழியாகக் கொலோனோஸ்கோப்பி. ஒவ்வொரு சி.டி.க்கும் முந்தின வாரம் தூக்கம் கெடுவதால் பி.எச்.க்யூ.-வை அந்த வாரத்தில் எடுக்காமல், முடிவு வந்து பத்து நாள் கழித்து எடுக்கும்படி அட்டையில் குறித்திருக்கிறது. வாழப் பிடிக்காத எண்ணம் நேரங்கெட்ட நேரத்தில் வந்தால் அழைக்க அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416, மகள் கையெழுத்தில், பிளேட் வைக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.